கதவில் போட்ட துண்டு

கரம் சிரம் புறம் நீட்டாதீர். சன்னலுக்கு மேல அந்தச் சிவப்புப் பெயிண்ட்டு எழுத்து இன்னும் அழியலை. நீட்டலைப்பா, நீட்டலை. வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆச்சு, ரெண்டு கையையும் மடியில போட்டுக்கிட்டு மேசையை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கேன். பதினாலு மாசத் தூசி. பல்லி எச்சம், ஒரு செத்த குளவி, நான் மூடி வைக்க மறந்த பேனா. அது பாட்டுக்குக் காய்ஞ்சு கிடக்கு. சுமைக்குதிரை வச்சிருக்கிற இருதயராஜ் வாழைத்தாரை ரோட்டுல இறக்கிட்டு ஒரு மணிக்கெல்லாம் குதிரையோட வந்துர்றேன்க்கான்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அவன்தான் முன்னாடி வந்து பூட்டைத் திறந்து, கதவை வெளிப்பக்கமா விரியத் திறந்து சுவரோட சாத்தி வச்சிருந்தான். நான் பலாமரத்துப் பக்கம் கண்ணைத் திருப்பாம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சருகை மிதிச்சுக்கிட்டு நேரா உள்ள வந்து உட்கார்ந்துட்டேன். வேலை என்ன பெரிய வேலை. டிராயர்ல இருக்கிற தாளை எடுத்துப் பையில போடணும், மேசையைக் குதிரை மேல ஏத்தி விடணும், பூட்டணும், ரெண்டரை பஸ்ஸைப் பிடிச்சு திண்டுக்கல்லுக்கு இறங்கிறணும், அப்புறம் சிறுமலைப் பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாது. அஞ்சு நிமிஷத்து வேலை. அதுக்கு ஏன் ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்து உட்கார்ந்தேன்னு கேட்டா எனக்கே தெரியலை. தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறேன். வந்து பார்த்துட்டு, அவருக்கு நேரமே இருந்திருக்காதுன்னு இந்த இடமும் ஒருதரம் சொல்லணும்னு வந்தேன். மக சுகந்தி சொல்லிட்டா, ஓசூர்ல இருந்து தினமும் போன்ல சொல்றா, “அம்மா, அப்பாவுக்கு நேரமே இருந்திருக்காதும்மா, சட்டுனு போயிருக்கும், டாக்டரே சொன்னாருல்ல.” சொன்னார். பதினொன்றரை வாக்குல இருக்கும்மா, ரெண்டு நிமிஷம், அவருக்கே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னார். அந்த ரெண்டு நிமிஷத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை மாசமா சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். நேரம் இல்லாத மனுஷன் எப்படிக் கூப்பிடுவார்? நேரம் இருந்திருந்தா கூப்பிட்டிருப்பார். நாப்பது அடி தூரம்தான். பலாமரத்தடியில இருந்து இந்தப் படி வரைக்கும் நாப்பதே அடி, அவரே டேப் வச்சு அளந்தது.

எதுக்கெடுத்தாலும் அளப்பார், குறிப்பார். முப்பத்தோரு வருஷம் கண்டக்டர் உத்தியோகம் பார்த்த மனுஷன், புத்தி அப்படித்தான் இருக்கும். பேரு குழந்தைவேலு, டிப்போவுல விசில்வேலு. நான் கதை எழுதுறவ. மூணு நாவல், முப்பது நாப்பது சிறுகதை, அடையாளம் தெரிஞ்சு பஸ்ஸுல ஒரு பய எழுந்து எனக்கு இடம் கொடுத்ததில்லை. அவர் மட்டும் “எழுத்தாளரம்மா”ன்னு கேலியாக் கூப்பிடுவார், கேலிக்குள்ள கொஞ்சம் பெருமையும் இருக்கும். நான் எழுதுறது ஒரு வரி படிச்சதில்லை. “எனக்கு எதுக்கு, உன்னையவே படிச்சு முடிக்கலை” அப்படிம்பார். அவர் ரிட்டயர் ஆகி வீட்டுல உட்கார்ந்ததும் எனக்குப் பிடிச்சது சனி. அதுவரைக்கும் அவர் டூட்டிக்குப் போவார், சுகந்தி பள்ளிக்கூடம், அப்புறம் காலேஜு, அப்புறம் கல்யாணம், வீடு எனக்கே எனக்கு. இப்ப என்னடான்னா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மனுஷன் அறை வாசல்ல வந்து நிப்பார். டீ குடிக்கிறியா? கொத்தவரங்காயா அவரைக்காயா? கேஸ் சிலிண்டர் வந்திருக்கு. எதுத்த வீட்டுக்காரன் நாய் வாங்கியிருக்கான். ஐயோ! ஒரு வாக்கியம் மனசுல பாதி வந்து நிக்கும்போது, நாய் வாங்கியிருக்கான்னு ஒருத்தர் வந்து சொன்னா அது போயிரும், போனா போனதுதான். நான் கத்துவேன். அவர் முகம் சுண்டிரும். அப்புறம் ஒருநாள் அவரே ஒரு வழி கண்டுபிடிச்சார். சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒண்ணை எடுத்து என் கையில கொடுத்து, “செங்கமலம், எழுத உட்கார்றப்ப இதை கதவு மேல போட்டுரு. துண்டு போட்ட சீட்டுல கண்டக்டர் கூட யாரையும் உட்கார வைக்க முடியாது. அது சட்டம்”னார். திருவிழாக் கூட்டத்துல சன்னல் வழியா துண்டை வீசி இடம் பிடிச்சுட்டு, ஆள் ஏறி வர்றதுக்குள்ள இன்னொருத்தன் அதை எடுத்துப் போட்டுட்டு உட்கார்ந்து, அதுல எத்தனை மண்டை உடைஞ்சிருக்கு, அத்தனை பஞ்சாயத்தையும் அவர்தான் தீர்த்து வச்சிருக்கார். துண்டு யாரு போட்டது? நீயா? அப்ப உன் சீட்டு. நீ எந்திரி. அவ்வளவுதான் தீர்ப்பு. துண்டுக்கு அப்படி ஒரு மரியாதை. அதுக்கப்புறம் துண்டு கதவுல கிடக்கிற நேரம் என்னைக் கூப்பிட்டதே இல்லை அவர். ஒருநாள்கூட இல்லை.

ஆனாலும் எனக்குப் போதலை பாருங்க. துண்டு போட்டாலும் வீட்டுக்குள்ள ஒரு ஆள் மூச்சு விட்டா எனக்குத் தெரியுது, செருப்புச் சத்தத்தை அடக்கி நடக்கிறாரேன்னு அதுவே எனக்கு இடைஞ்சலா இருக்குன்னு சொன்னேன். சொன்ன வாயில சூடு வைக்கணும். அடுத்த மாசமே சிறுமலையில இருக்கிற எங்க நாப்பது செண்ட் காப்பித் தோட்டத்துல, காட்டை ஒட்டின மேட்டுல இந்த அறைக்குக் கல் ஊன ஆரம்பிச்சுட்டார். ரோட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை, வண்டி வராது, செங்கல், சிமெண்ட், மணல் எல்லாம் இருதயராஜ் குதிரை மேலதான் வரணும். தகரத்தை ஏத்தினதும் அது தடதடன்னு சத்தம் போட்டுச்சு, குதிரை மிரண்டு பாதியில உதறிட்டுப் போயிருச்சு. எட்டுத் தகரத்தையும் அவரே தலையில சுமந்து ஏத்தினார், அறுபத்தோரு வயசுல. நடுவுல நின்னு மூச்சு வாங்கினார், நான் பார்த்தேன். பார்த்துட்டு என்ன செஞ்சேன்? “மெதுவா வாங்க”ன்னு சொல்லிட்டு முன்னாடி நடந்தேன். நெஞ்சு அப்பவே வலிச்சிருக்குமோ, இந்தத் தகரம்தான் அவரைக் கொன்னுச்சோ. மேல பார்க்கிறேன், எட்டு, எண்ணிக்கிட்டே இருக்கேன். இல்லை, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நல்லாத்தான் இருந்தார், மரம் ஏறினார், பலாப்பழம் வெட்டினார், அதெல்லாம் இல்லை. சன்னல் மட்டும் கடையில வாங்க மாட்டேன்னுட்டார். ஓட்டம் முடிஞ்சு உடைக்கப் போட்ட பஸ்ஸுல இருந்து, பழைய இரும்புக் கடையில பேசி, தள்ளுற கண்ணாடியோட ஒரு சன்னலைச் சட்டத்தோட அறுத்து எடுத்துக்கிட்டு வந்தார். மேல அந்த எழுத்தும் சேர்ந்தே வந்துச்சு. கொத்தனார் சிரிச்சார், “என்னண்ணே, காட்டுக்குள்ள பஸ் ஸ்டாப்பா கட்டுறீங்க?” இவர் விடுவாரா, “ஒரே ஒரு சீட்டுதான் கொத்தனாரே, ரிசர்வேஷன்”ங்கிறார். ஒரே சீட்டு. ஆமா. ஒரு மேசை, ஒரு நாற்காலி. இன்னொரு ஆள் உட்கார ஒரு பலகைகூட இல்லை. அப்ப நான் அதை யோசிக்கவே இல்லை. கட்டினவருக்கு உள்ள உட்கார இடம் இல்லாத அறையை ஒரு மனுஷன் மூணு மாசம் கட்டியிருக்கார், நான் வந்து பார்த்துட்டு, வெளிச்சம் நல்லா இருக்குன்னு சொன்னேன். குடி புகுந்த அன்னைக்கு அவரோட விசிலை சன்னல் ஆணியில மாட்டிவிட்டார். “ரெண்டு விசில் அடிச்சா டீ வரும். நீ தொண்டையைப் புண்ணாக்க வேணாம்.” இதோ ஆணியில தொங்குது, கயிறு நைஞ்சு போச்சு. நான் அவரைக் கூப்பிட விசில் இருந்துச்சு. அவர் என்னைக் கூப்பிட என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்லை. துண்டுதான் இருந்துச்சு.

என்னமோ விழுந்துச்சு. பலாவா? இல்லை, மலை அணில் மரம் தாவுது. இந்தக் காட்டுல சும்மா இருக்கிற நேரமே கிடையாது, எப்பவும் ஏதாவது ஒண்ணு விழுந்துக்கிட்டே, உரசிக்கிட்டே, கொத்திக்கிட்டே இருக்கும். அன்னைக்கும் இருந்திருக்கும். எதைன்னு கேட்கிறது? போன வருஷம் ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை. காலையில எட்டு மணி பஸ்ஸுல ரெண்டு பேரும் வந்தோம், வர்ற வழியில கொண்டை ஊசி வளைவுல நான் அவர் தோள்ல தூங்கிட்டேன், எழுப்பி விட்டு, “ஏம்மா, டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் இறங்கு”ன்னார். ஒன்பதரைக்கு நான் துண்டைக் கதவுக் கைப்பிடியில போட்டுட்டு உள்ள வந்து தாழ்ப்பாள் போட்டேன். அவர் பலாமரத்தடியில அடுப்பைக் கூட்டி, சோறு பொங்க, காய் நறுக்க உட்கார்ந்துட்டார், அதுதான் வழக்கம். பத்தரைக்கு ரெண்டு விசில் அடிச்சேன். டீ வந்துச்சு. கதவுப் பக்கம் வர மாட்டார், பின்னாடி சன்னல் வழியாத்தான் தருவார், கண்ணாடியைத் தள்ளி, டம்ளரோட கை மட்டும் உள்ள வரும். மத்த நாள்ல “கரம் நீட்டலாமா?”ன்னு ஒரு கிண்டல் இருக்கும். அன்னைக்கு எழுத்து சூடா ஓடிக்கிட்டு இருந்ததைப் பார்த்திருக்கார், வாயைத் திறக்கலை. நானும் நிமிரலை. டம்ளரை வாங்கினேன். விரல் பட்டுச்சு. அப்புறம் அவர் செருப்பு சருகுல சரக் சரக்குன்னு திரும்பிப் போற சத்தம். நான் கடைசியா பார்த்தது அந்தக் கையை. மணிக்கட்டுல வாட்ச்சு, கட்டை விரல்ல டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சுக் காய்ச்சுப் போன தோலு. முகத்தைப் பார்க்கலை. நாப்பது வருஷம் பார்த்த முகந்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்திருப்பேன். அப்படிக்கூட நினைக்கலை. ஒண்ணுமே நினைக்கலை, எழுதிக்கிட்டு இருந்தேன்.

சரி, டிராயரைத் திறந்துருவோம். இறுகிப் போயிருக்கு, மழையில பலகை உப்பியிருக்கும். வந்துருச்சு. கரையான் அரிக்கலை. தாளுக்கு மேல மூலையில மணி போட்டிருக்கேன் பாருங்க, அதுவும் அவர் பழக்கி விட்டதுதான். “டிரிப் ஷீட்டுல புறப்பட்ட நேரம் எழுதாம எந்த பஸ்ஸும் போகாது, ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரம் போடு, எங்க லேட் ஆச்சுன்னு தெரியும்ல”ன்னு சொன்னார். அறுபதாம் பக்கம், பத்து நாப்பது. அறுபத்தொண்ணு, பதினொன்னு இருபது. இந்தப் பக்கத்துல மேல நாலு வரி ஒழுங்கா இருக்கு, அஞ்சாவது வரி ஆரம்பத்துல ஒரு மை இழுப்பு. காத்து. பெரிய காத்து ஒண்ணு வந்து தாளெல்லாம் பறந்துச்சு, நான் எந்திரிச்சுப் பொறுக்கிட்டு, கண்ணாடியை இழுத்துச் சாத்திட்டு, வந்து உட்கார்ந்தேன். கதவு கூட ஒரு ஆட்டம் ஆடுச்சு. அறுபத்திரெண்டு, பதினொன்னு நாப்பத்தஞ்சு. அப்ப டாக்டர் சொன்ன பதினொன்றரை, இந்த ரெண்டு நேரத்துக்கும் நடுவுல. இந்த அறுபத்தொண்ணாம் பக்கத்துல. எந்த வரியில? இதுலயா? இதுலயா? விரலை வச்சுக்கிட்டே வர்றேன். அந்த மை இழுப்பைத் தவிர ஒரு வரிகூட ஆடலை. எழுத்து குண்டு குண்டா, நிதானமா, அடிச்சுத் திருத்தாம ஓடியிருக்கு. நல்லா வந்திருக்கு. அதுதான் எனக்குத் தாங்கலை. நான் எழுதினதுலயே நல்லா வந்த பக்கம் இதுதான், பதிப்பகத்துக்காரர் மாசா மாசம் போன் போட்டு மிச்சத்தைக் கேட்கிறார், எப்படிக் கொடுப்பேன்? அறுபத்து மூணு, பன்னெண்டு பத்து. அப்ப ஒரு வாசனை வந்துச்சு. சோறு அடிப்பிடிக்கிற வாசனை. என்ன நினைச்சேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. “இந்த மனுஷனுக்கு ஒரு அடுப்பைப் பார்த்துக்கத் தெரியலை”ன்னு நினைச்சேன். எரிச்சலா இருந்துச்சு. மூக்கைச் சேலை முந்தானையால மூடிக்கிட்டு எழுதினேன். ஒரு மணி அஞ்சு நிமிஷத்துக்கு முடிஞ்சிருச்சு. கதவைத் தள்ளித் திறந்துக்கிட்டு, “முடிஞ்சிருச்சுங்க!”ன்னு கத்திக்கிட்டே ஓடினேன், சின்னப் பிள்ளை மாதிரி. அவர் பலாமரத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார், பாதி கிள்ளின அவரைக்காய் முறத்துல கிடந்துச்சு. “சோறு கருகுது, தூக்கத்தைப் பாரு”ன்னு திட்டிட்டுத்தான் தொட்டேன்.

வெறுங்கால். அதுவும் ஞாபகம் இருக்கு, பாதத்துல சருகு ஒட்டியிருந்துச்சு. செருப்பு இல்லாம வீட்டுக்குள்ளகூட நடக்காத ஆளு, காட்டுல தேள் இருக்கும், அட்டை ஏறும்னு எனக்கே நூறு தடவை சொல்லுவார். ரோடு வரைக்கும் சுமந்து, ஜீப்புல போட்டுக்கிட்டு இறங்கினோம், ஆஸ்பத்திரியில வாட்ச்சும் கண்ணாடியும் கொடுத்தாங்க, செருப்பு எங்கன்னு சுகந்தி கேட்டா. வளைவுல எங்கயாவது விழுந்திருக்கும்னு யாரோ சொன்னாங்க. சரின்னு விட்டாச்சு. செருப்பா இப்ப முக்கியம்? ஏன் செருப்பை நினைக்கிறேன்? வேற ஒண்ணை நினைக்கக் கூடாதுன்னு செருப்பை நினைக்கிறேன். சுகந்திகிட்டகூட இதை நான் சொல்லலை. வீட்டுல இருந்தப்ப, இந்த அறை கட்டுறதுக்கு முன்னாடி, துண்டு கண்டுபிடிச்ச புதுசுல, ஒருநாள் அவர் சந்தேகம் கேட்டார். பழைய கண்டக்டர், விதி சரியாத் தெரியணும். “துண்டு கிடக்கிறப்ப போஸ்ட்மேன் வந்தா?” கூப்பிடாதீங்க. “சுகந்தி போன் பண்ணினா?” அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க. “வீடு தீப்பிடிச்சா?” நான் அப்ப ஒரு கதையோட முடிவுல நின்னுக்கிட்டு இருந்தேன், தலைக்குள்ள எல்லாம் கொதிக்குது, அவர் சிரிச்சுக்கிட்டே விரலை மடக்கி மடக்கிக் கேட்கிறார். நான் சொன்னேன், “உங்க உசுரே போனாலும் கதவைத் தட்டாதீங்க, போதுமா?” சொல்லிட்டு கதவை அடிச்சுச் சாத்தினேன். வெளிய இருந்து, “ரைட்டு”ன்னார். பஸ்ஸுல சொல்ற மாதிரியே. ரைட் ரைட். அதை விளையாட்டாத்தான் எடுத்துக்கிட்டார், சாயங்காலமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார், இருதயராஜ்கிட்டகூடச் சொன்னார், உசுரு போனாலும் தட்டக் கூடாதாம்ப்பா, ஆர்டருன்னு. விளையாட்டுதான். பொண்டாட்டி கோவத்துல சொல்றதை எவன் மனசுல வச்சுக்குவான்? அதுவும் நெஞ்சு வலிக்கும்போது எந்த மனுஷன் விதியைப் பார்ப்பான்? பார்க்க மாட்டார். கத்தியிருப்பார். நேரம் இல்லை, அதான் கத்தலை. ரெண்டு நிமிஷம். டாக்டர் படிச்சவர், அவர் சொன்னா சரியா இருக்கும். அவரைக்காயைக் கிள்ளிக்கிட்டு இருக்கும்போதே போயிட்டார், வலிகூடத் தெரிஞ்சிருக்காது, எந்திரிக்கலை, நடக்கலை, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. அப்படித்தான். அப்படித்தான் இருக்கணும். சாமி, அப்படியே இருக்கட்டும்.

குதிரை மணிச் சத்தம் கேட்குது. ஒரு மணி ஆயிருச்சா அதுக்குள்ள. “அக்கா, வரலாமா?”ன்னு தூரத்துல இருந்தே கேட்கிறான் இருதயராஜ், இவனுக்கும் அவர்தான் பழக்கி விட்டிருக்கார். “வாப்பா, வா”ன்னேன். தாளை எல்லாம் பையில போட்டுட்டேன், விசிலையும் ஆணியில இருந்து எடுத்துக் கையில சுத்திக்கிட்டேன். மேசையைச் சாய்ச்சு, நாலு காலும் இடிக்காம வெளிய எடுத்துட்டான், கைகாரன். நாற்காலியைக் கேட்டான், நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டேன். அறையில ஒண்ணும் இல்லை இப்ப. அறை சின்னதாத் தெரியும்னு நினைச்சேன், பெருசாத் தெரியுது, இன்னொரு நாற்காலி தாராளமாப் போட்டிருக்கலாம். படி இறங்கி வெளிய வந்து நின்னேன், இப்பவும் மரத்தைப் பார்க்கலை. “பூட்டிரவாக்கா?” “பூட்டு.” சுவரோட கிடந்த கதவைப் பிடிச்சு இழுத்தான், வரலை, படிமேல அத்தனை சருகு, ஒரு வருஷத்துச் சருகு கதவுக்கு அடியில அண்டை கொடுத்து நிக்குது. காலால ஒதுக்கினான். ஒதுக்கினவன் குனிஞ்சான். “அக்கா, இங்க பாருங்க. அண்ணன் செருப்பு.” படிக்கு இடது பக்கத்துல, சுவரோரமா, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மழையில ஊறி விறைச்சுப் போய், வாசலைப் பார்த்து இருக்கு. எங்க வீட்டு வாசல்லயும் அப்படித்தான் விடுவார், ஒரு செருப்பு கோணலா இருந்தாப் பொறுக்காது. பத்தரைக்குப் போட்டிருந்தார். டீயைக் கொடுத்துட்டு சருகுல சரக் சரக்குன்னு போனார், நான் கேட்டேன், இந்தக் காதால கேட்டேன். அப்ப அதுக்கப்புறம். அதுக்கப்புறம் இங்க வந்திருக்கார். “முன்னாடி ஏதாவது பழைய செருப்பை விட்டிருப்பாரோ?”ன்னு கேட்டேன். இருதயராஜ் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், “அண்ணனுக்கு ஒரு ஜோடிதானேக்கா.” அவன் கதவை இழுத்தான். கதவோட முன்பக்கம் இப்பத்தான் என்னைப் பார்த்துத் திரும்புது. துண்டு இருக்கு. வெயிலும் மழையும் தின்னு வெளுத்து, சிவப்புக் கரை மட்டும் மிச்சமா, கைப்பிடியைச் சுத்தி ரெண்டு சுத்து சுத்தி, இறுக்கி, முடிச்சுப் போட்டு.

நான் முடிச்சுப் போட மாட்டேன். ஒருநாளும் போட்டதில்லை, சீட்டுல போடுற மாதிரி மேல சும்மா வீசிட்டு உள்ள போயிருவேன். “இருதயராஜ், இதை நீயா கட்டினே?” “நான் எதுக்குக்கா கட்டுறேன். அன்னைக்குப் பூட்டும்போதே இப்படித்தான் இருந்துச்சு. உங்க துண்டு, தொட வேணாம்னு விட்டுட்டேன்.” ரெண்டு சுத்து, உள்ள விட்டு ஒரு இழுப்பு. பஸ் கூரை மேல மூட்டை கட்டுறவங்க போடுற முடிச்சு. கண்டக்டர் ஆகிறதுக்கு முன்னாடி அவர் அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தார், எத்தனை வளைவு ஏறினாலும் அவிழாதுன்னு பெருமை பீத்திக்குவார். பதினொன்னு இருபதுக்குக் காத்து அடிச்சுச்சு. கதவு ஆடுச்சு. துண்டு கீழ விழுந்திருக்கு. அவர் வந்தப்ப துண்டு இல்லை, செங்கமலம், துண்டு கதவுல இல்லவே இல்லை, சீட்டு காலியா இருந்திருக்கு, அவரோட சட்டப்படியே அவர் கூப்பிட்டிருக்கலாம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நாப்பது அடி நடந்து வந்த மனுஷன், செருப்பைச் சத்தம் வராமக் கழட்டி ஓரமா விட்டுட்டு, படி ஏறி, கீழ கிடந்த துண்டைக் குனிஞ்சு எடுத்து, கையில வச்சுக்கிட்டு நின்னிருக்கார். எவ்வளவு நேரம் நின்னார்? பேனா ஓடுற சத்தம் கேட்டிருக்கும். ஒரு அங்குலப் பலகை, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், அறுபத்தொண்ணாம் பக்கம் நல்லா வந்துக்கிட்டு இருக்கு. காத்து திரும்ப வந்தாலும் விழாத மாதிரி கட்டிட்டு, செருப்பைக்கூட மாட்டிக்க முடியாம, வெறுங்காலோட திரும்பி நடந்து மரத்தடிக்குப் போயிருக்கார். நேரம் இருந்திருக்கு. நேரம் இருந்திருக்குடி, சுகந்தி. அந்த நேரத்தை வச்சு உங்கப்பா என்ன பண்ணியிருக்கார் வந்து பாரு.

“அக்கா, உட்காருங்க, படியில உட்காருங்க. தண்ணி தரவா?” வேணாம். முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறேன், வரலை, மழையில நனைஞ்சு நனைஞ்சு இறுகிப் போச்சு, நகம் பிய்யுது. “அரிவாள் இருக்குக்கா, அறுத்துரவா?” “தொடாதே.” “ரெண்டரை பஸ் போயிரும்க்கா.” போகட்டும். போற பஸ்ஸு போகட்டும், எனக்கு என்ன. எத்தனை நாள் ஆனாலும் இதை நான்தான் அவிழ்ப்பேன். ஏங்க, ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தட்டு. பாவி மனுஷா, நான் திட்டியிருப்பேன், ஆமா, வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். திட்டிக்கிட்டே வந்து திறந்திருப்பேனே.